திரையில் தெரியும் எண்ணுக்கு என்ன வயது?

வங்கிக் கிளையின் வாசலில் நிற்கும் பாஸ்புக் இயந்திரம் ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறது. புத்தகத்தை உள்ளே விட்டதும், கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து நடந்த வரவு செலவு அனைத்தையும் அது திரும்ப அச்சடிப்பதில்லை. கடைசியாக என்ட்ரி போட்டது எதுவரை என்று பார்த்து, அதற்குப் பின் வந்தவற்றை மட்டும் அச்சிட்டு வெளியே தள்ளுகிறது. பாஸ்புக் என்பது வங்கிப் பேரேட்டிலிருந்து ஒருவருக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து எழுதிய நகல். அதிலுள்ள இருப்புத் தொகை எந்தத் தேதி வரைக்கும் உண்மை என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். அதனால்தான் காலையில் யுபிஐயில் போன பணம் அதில் தெரியவில்லை என்று யாரும் வங்கியோடு சண்டைக்குப் போவதில்லை.

கணினித் திரைகளுக்கு இந்த நாணயம் குறைவு. தரவுத்தளத்திலிருந்து எப்போதோ எடுத்து வந்த எண்ணை, இந்த நொடியின் உண்மை போலவே அவை காட்டுகின்றன. மூலத் தரவு மாறிவிட்டது, அதிலிருந்து வரைந்த காட்சி மாறவில்லை. பயன்பாட்டு நிரல் எழுதுவோருக்கு இது மிகப் பழைய தொல்லை. இவ்வுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

தொடக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1970 ஜூனில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்த எட்கர் காட், தரவை டேபிள்களாகப் பார்க்கும் முறையை முன்வைத்துக் கட்டுரை எழுதினார். அதே ஆய்வகத்தில் வளர்ந்த சிஸ்டம் ஆர் திட்டத்தில் வியூ என்ற ஏற்பாடு உருவெடுத்தது. 1975இல் டொனால்ட் சேம்பர்லின், ஜிம் கிரே, இர்விங் ட்ரெய்கர் மூவரும் வியூ, அனுமதி, பூட்டு ஆகிய மூன்றையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதினர். அந்த வியூ சேமித்து வைத்த வினவல் மட்டுமே. விடையை அது சேமிப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் மூல டேபிள்களுக்குப் போய்ப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வரும். ஆகவே அது பழசாக வழியே இல்லை.

சிக்கல் செலவில் இருக்கிறது. ஒரு கோடி பில்களைக் கூட்டிச் சொல்லும் வியூவை முதலாளி காலையில் ஒருமுறை திறந்தால் பரவாயில்லை. நாற்பது மேலாளர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால், சர்வர் அந்தக் கூட்டலைத் தவிர வேறு எதையும் செய்யாது. விடையையே சேமித்து வைத்தால் என்ன என்று 1980இலேயே மிஷல் அதிபாவும் புரூஸ் லிண்ட்சேயும் ‘தரவுத்தள ஸ்னாப்ஷாட்’ பற்றிய கட்டுரையில் எழுதிவிட்டார்கள். ஆரக்கிள் 7இல் ஸ்னாப்ஷாட் என்ற பெயரிலும், 1999இல் வந்த ஆரக்கிள் 8ஐ பதிப்பில் மெட்டீரியலைஸ்டு வியூ என்ற பெயரிலும் அது நடைமுறைக்கு வந்தது. போஸ்ட்கிரெஸ் அதைச் சேர்க்க 2013 வரை, அதாவது 9.3 பதிப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மையெஸ்கியூஎல் பயன்படுத்தியவர்கள் நெடுங்காலம் தாங்களே ஒரு சுருக்க டேபிளை உருவாக்கி, டேபிள் மாறியதும் தானே ஓடும் ட்ரிக்கரோ, குறித்த நேரத்தில் ஓடும் கிரானோ வைத்து ஒப்பேற்றி வந்தார்கள்.

விடையைச் சேமித்த அந்தக் கணத்திலிருந்து அதற்கு வயது ஏறத் தொடங்குகிறது. அதைப் புதிதாக வைத்திருக்க யாராவது விலை கொடுத்தே ஆக வேண்டும். சாதாரண வியூவில் அந்த விலையைக் கொடுப்பவர் படிப்பவர். சேமித்த வியூவில் அது எழுதுபவர் தலையிலோ கடிகாரத்தின் தலையிலோ விழுகிறது.

எழுதுபவர் தலையில் விழும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி, அவருக்கு ஐந்து கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். பில் டேபிளில் ஒவ்வொரு பில்லும் ஒரு வரி. கிளைவாரியாக மொத்த விற்பனை, பில் எண்ணிக்கை, சராசரி, மிகப் பெரிய பில் ஆகிய நான்கும் ஒரு சேமித்த வியூவில் இருக்கின்றன. பவானி கிளையில் 4,200 ரூபாய்க்கு ஒரு பில் விழுகிறது. மொத்தத்தில் 4,200ஐயும் எண்ணிக்கையில் ஒன்றையும் கூட்டினால் போதும். பழைய பில் எதையும் தொட வேண்டாம். சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருத்த முடியாது. எனவே விவரம் தெரிந்தவர்கள் சராசரியைச் சேமிப்பதில்லை. மொத்தத்தையும் எண்ணிக்கையையும் சேமித்து, கேட்கும்போது வகுத்துச் சொல்வார்கள். பெரிய பில் எதுவென்று அறிய, இருப்பதோடு 4,200ஐ ஒப்பிட்டால் தீர்ந்தது.

அடுத்து ஒரு பில் ரத்தாகிறது. மொத்தத்திலும் எண்ணிக்கையிலும் கழித்துக்கொள்ளலாம். ரத்தானதே பெரிய பில்லாக இருந்துவிட்டால்? அடுத்த பெரிய பில் எது என்ற செய்தி வியூவில் இல்லை. பவானியின் பில்கள் முழுவதையும் மறுபடி புரட்ட வேண்டும், அல்லது தொகைக்கு ஓர் இண்டெக்ஸ் இருக்க வேண்டும். ஜிம் கிரேயும் உடன் எழுதியோரும் 1996இல் வெளியிட்ட டேட்டா கியூப் கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: அதிகபட்சம் காணும் கணக்கு, சேர்க்கும்போது சாது, நீக்கும்போது முழுத் தரவையும் கேட்கும். எஸ்கியூஎல் சர்வர் 2000இல் வந்த இண்டெக்ஸ்டு வியூ இந்த வம்பே வேண்டாம் என்று மேக்ஸ், மின் இரண்டையும் அனுமதிக்கவே இல்லை. குரூப் பை இருந்தால், வரிகளை எண்ணிச் சொல்லும் கவுண்ட் பிக் கட்டாயம் என்றும் அது அடம்பிடிக்கும். முதல்முறை இந்தப் பிழைச்செய்தியைப் பார்ப்பவர்களுக்கு அது வெட்டிக் கெடுபிடியாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. ஒரு கிளையின் கடைசி பில்லும் நீங்கிவிட்டால் அந்தக் கிளையின் வரியே வியூவிலிருந்து போக வேண்டும். மொத்தம் சுழியம் ஆனதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. விற்பனையும் ரிட்டர்னும் சரிக்குச் சரியாக வந்தாலும் மொத்தம் சுழியம்தான். எத்தனை வரிகள் மிச்சம் என்ற எண்ணிக்கை இருந்தால்தான் தெரியும்.

இப்படி எண்ணிக்கை வைத்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் சேர்க்கும் வித்தைக்கு 1980களிலேயே அடித்தளம் போட்டாயிற்று. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஹோசே பிளேக்லி, பெர்-ஓகே லார்சன், ஃபிராங்க் டொம்பா மூவரின் 1986 கட்டுரையும், ஆஷிஷ் குப்தா, இந்தர்பால் சிங் மும்மிக், வி.எஸ். சுப்ரமணியன் மூவரின் 1993 கட்டுரையும் இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை. வாடிக்கையாளர் ஊர்ப் பட்டியலில் சேலம் ஒருமுறைதான் தெரிகிறது என்றாலும், அதற்குப் பின்னால் மூன்று வாடிக்கையாளர்கள் இருக்கலாம். ஒருவர் விலகினால் சேலத்தை நீக்கக் கூடாது, மூன்றாமவரும் விலகினால் நீக்கியாக வேண்டும். வியூவின் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை வழிகளில் அது கிடைத்தது என்ற கணக்கை உடன் வைப்பதே அந்த இரண்டாவது கட்டுரை சொன்ன உத்திகளில் ஒன்று.

கணிதம் சரி. ஆனால் கடையில் கூட்டம் அதிகமானால் வேறு ஒரு கோளாறு தலைதூக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பவானி கிளையில் ஆறு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் பில் போடுகின்றன. பில் டேபிளில் ஆறும் ஆறு தனித்தனி வரிகள். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. சுருக்கத்திலோ பவானிக்கு இருப்பது ஒரே வரி. அதைத் திருத்த ஒருவர் பூட்டினால் மற்ற ஐவரும் காத்திருக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனை இரண்டு கிளைகளின் வரிகளைத் தொட்டால், ஒருவர் முதலில் பவானியையும் மற்றவர் முதலில் கோபி கிளையையும் பூட்டிக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் காத்து டெட்லாக் ஆகலாம். அனுபவசாலிகள் சுருக்க வரியை உடனே திருத்தாமல், ‘பவானி, கூட்டு 4,200’ என்று ஒரு சிறு வரியைத் தனி டேபிளில் சேர்த்துவிட்டுப் போவார்கள். சில நொடிக்கொருமுறை ஒரு பின்னணி வேலை அவற்றைத் திரட்டிச் சுருக்கத்தில் ஏற்றும். ஆரக்கிளின் ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ்ஷுக்குப் பின்னாலுள்ள மெட்டீரியலைஸ்டு வியூ லாக்கும் இந்தச் சாதிதான்: மூல டேபிளில் என்ன மாறியது என்று குறித்து வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும்போது அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

கடிகாரத்தின் தலையில் கட்டுவது எல்லாவற்றிலும் எளிது. எளிது என்பதாலேயே அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். போஸ்ட்கிரெஸ்ஸில் ரெஃப்ரெஷ் மெட்டீரியலைஸ்டு வியூ என்று ஒரு கட்டளை. கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். அந்தக் கட்டளை வியூவை முழுமையாகப் பூட்டுகிறது. முடியும் வரை அதைப் படிக்கக்கூட முடியாது. காலை பத்து மணிக்கு அலுவலகமே டாஷ்போர்டைத் திறக்கும் நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல இடங்களில் காரணம் இது. 2014இல் வந்த 9.4 பதிப்பு கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து இதைத் தீர்த்தது. படிப்பவர்கள் தடையின்றிப் படிக்கலாம். வியூவில் ஒரு யூனிக் இண்டெக்ஸ் மட்டும் இருக்க வேண்டும். ஆனால் வினவல் அப்போதும் முதலிலிருந்து முழுதாகத்தான் ஓடுகிறது. புதிய விடையைப் பழைய விடையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் எழுதுவதில்தான் சிக்கனம். கணக்குப் போட ஏழு நிமிடம் ஆகும் வியூவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னால், ஒரே வியூவில் ஒரு நேரத்தில் ஒரு புதுப்பிப்புதான் நடக்கும் என்பதால், வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இன்னொரு குறை. சேமித்த வியூக்களைப் பட்டியலிடும் பிஜி மேட்வியூஸ் என்ற அமைப்பு வியூவில், தரவு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் நெடுவரிசை உண்டு. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று சொல்லும் நெடுவரிசை இல்லை. ஆரக்கிள் தன் பட்டியலில் கடைசிப் புதுப்பிப்புத் தேதியையும், வியூ பழசாகிவிட்டதா என்ற நிலையையும் சேர்த்தே தருகிறது. அதனால் போஸ்ட்கிரெஸ் ஆட்கள் வியூவின் வினவலிலேயே ‘இப்போதைய நேரம்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிடுவார்கள். பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். கன்கரண்ட்லியோடு சேரும்போது அது காலை வாரும்: நேரம் மாறியதால் ஒவ்வொரு வரியும் மாறியதாகவே கணக்காகி, பத்து வரி திருத்த வேண்டிய இடத்தில் பத்து லட்சம் வரிகள் திரும்ப எழுதப்படும். நேரத்தைத் தனியாக ஒரு சிறு டேபிளில் குறித்து, அதைத் திரையின் மூலையில் காட்டுவதே சரி.

அந்த மூலையில் காட்டுவது என்பது வெறும் அலங்காரம் இல்லை. இவ்வுரை வலியுறுத்த விரும்பும் ஒரே செய்தி அதுதான்: தரவின் வயதும் தரவின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுக்கும் நிரல் பாதி விடையைத்தான் கொடுக்கிறது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஹெச்டிடிபியின் 1.1 பதிப்பை வகுத்தவர்கள் 1997லேயே இதை உணர்ந்து, இடையிலுள்ள கேஷ் ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது அதற்கு எத்தனை நொடி வயது என்று சொல்ல ‘ஏஜ்’ என்ற தலைப்பு வரியை ஏற்படுத்தினார்கள். பங்குச் சந்தை விலையைத் தாமதமாகத் தரும் தளங்கள் தாமதம் எவ்வளவு என்று கீழே எழுதுகின்றன. ஆரக்கிள் ஒரு படி மேலே போய், பழசான சேமித்த வியூவிலிருந்து விடை தரலாமா கூடாதா என்பதை நிரலரே அமைப்பில் அறிவிக்க வைக்கிறது; அதன் மூன்று நிலைகளில் ஒன்றின் பெயரே ‘பழசைப் பொறுத்துக்கொள்வேன்’ என்று பொருள்படும். பொறுமைக்கு அளவு என்ன என்பதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. பெரும்பாலான திட்டங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. புரொடக்ஷனில் புகார் வந்த பிறகுதான் ‘எத்தனை நிமிடம் வரை பரவாயில்லை?’ என்ற பேச்சு எழுகிறது.

தரவுத்தளத்துக்கு வெளியே வந்தால் நிலைமை இன்னும் மோசம். நிரல்கள் விடையை மெம்கேஷ்டு, ரெடிஸ் போன்ற கேஷ்களில் வைக்கின்றன. மூலத்தை மாற்றினால் கேஷில் இருப்பதை அழித்துவிடு என்ற விதி எளிமையானது. பின்பற்றினாலும் தப்பு வரும். ஒரு வாசகர் கேஷில் எதுவும் இல்லாததால் தரவுத்தளத்துக்குப் போய்ப் பழைய மதிப்பைப் படிக்கிறார். அதைக் கேஷில் வைக்கும் முன் ஒரு கணம் தடுமாறுகிறார். அந்த இடைவெளியில் இன்னொருவர் மதிப்பை மாற்றி, கேஷையும் ஒழுங்காக அழித்துவிடுகிறார். தடுமாறியவர் இப்போது விழித்துக்கொண்டு பழைய மதிப்பைக் கேஷில் வைக்கிறார். இருவருமே விதிப்படி நடந்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய மதிப்பு காலாவதியாகும் வரை, அல்லது அடுத்த மாற்றம் வரும் வரை, அங்கேயே குந்தியிருக்கும்.

ஃபேஸ்புக் பொறியாளர்கள் மெம்கேஷ்டைத் தங்கள் அளவுக்குப் பெருக்கிய அனுபவத்தை 2013இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையாக எழுதினார்கள். இந்த ஓட்டப்பந்தயத்துக்கு அவர்கள் கண்ட தீர்வு, கேஷில் இல்லை என்று சொல்லும்போதே ஒரு 64 பிட் டோக்கனைக் கையில் கொடுப்பது. மதிப்பை வைக்க வரும்போது அந்த டோக்கனைக் காட்ட வேண்டும். இடையில் யாராவது அழித்திருந்தால் டோக்கன் செல்லாது. பழைய மதிப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இதே டோக்கனை ஒரு சாவிக்கு, அதாவது கேஷில் ஒரு மதிப்பைத் தேட உதவும் பெயருக்கு, பத்து நொடிக்கு ஒன்றுதான் என்று வரம்பு கட்டியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பலரும் படிக்கும் ஒரு மதிப்பு அழிந்ததும் எல்லோரும் சேர்ந்து தரவுத்தளத்தின் மேல் பாய்வது நின்றது: நெரிசல் மிகுந்த சாவிகளில் நொடிக்கு 17,000 வரை போன வினவல் உச்சம் 1,300 ஆகக் குறைந்தது என்று கட்டுரை சொல்கிறது. அழிக்கும் பொறுப்பையும் வெறுமனே நிரலரின் நினைவாற்றலை நம்பி விடாமல், மையெஸ்கியூஎல்லின் கமிட் லாக்கைப் படித்து அழிப்பாணை அனுப்பும் தனி நிரலை அவர்கள் வைத்தார்கள். மாற்றத்தின் பதிவேட்டையே மூலமாகக் கொள்ளும் இந்த வழிதான் இன்று டிபீசியம் போன்ற கருவிகளாகப் பரவியிருக்கிறது.

திரைக்கு வருவோம். நார்வேயைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக் 1970களின் கடைசியில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தபோது மாடல்-வியூ-கன்ட்ரோலர் அமைப்பை வகுத்தார். மாடல் மாறினால் அதைக் கவனிக்கும் வியூக்களுக்குச் செய்தி போகும் என்பது அந்த மரபின் உயிர்நாடி. மாடலும் வியூவும் ஒரே இயந்திரத்தில் இருந்தவரை அது கச்சிதமாக வேலை செய்தது. மாடல் என்பது எங்கோ உள்ள சர்வரின் டேபிளாகி, அதை வேறு ஐம்பது பேரும் மாற்றுகிறார்கள் என்றானதும் அந்தச் செய்திக் கம்பி அறுந்துபோனது. அதை ஒட்டும் முயற்சிகளே எஸ்கியூஎல் சர்வர் 2005இன் குவெரி நோட்டிஃபிகேஷன், போஸ்ட்கிரெஸ்ஸின் லிசன், நோட்டிஃபை ஆகியவை. முதலாவது ஒருமுறை ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும். மறுபடி பதிவு செய்ய மறந்தால் திரை அன்றோடு உறைந்துபோகும். இரண்டாவதில் செய்தியின் நீளம் 8,000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாதவருக்குச் செய்தி பின்னால் வந்து சேராது. எனவே செய்தியில் தரவை அனுப்பாமல், ‘இந்த எண்ணுள்ள வரி மாறியது’ என்று மட்டும் சொல்லி, பெறுபவர் போய்ப் படித்துக்கொள்வது நல்லது. இணைப்பு அறுந்து மீண்டால் முழுவதையும் ஒருமுறை புதிதாகப் படித்தே ஆக வேண்டும்.

பழைய திரையைப் பார்ப்பது ஒரு சங்கடம்; பழைய திரையைப் பார்த்து எழுதுவது ஆபத்து. கிடங்கில் 40 புடவைகள் என்று இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் 5 விற்று 35 என்று சேமிக்கிறார். மற்றவர் 10 விற்று 30 என்று சேமிக்கிறார். கிடங்கில் இருப்பது 25. வரியோடு ஒரு பதிப்பு எண்ணை வைத்து, ‘நான் படித்தபோது இருந்த பதிப்பு எண் இன்னும் அதேதான் என்றால் மட்டும் மாற்று’ என்று அப்டேட் எழுதினால், இரண்டாமவருக்குச் சுழியம் வரிகள் மாறின என்று பதில் வரும். நிரல் அப்போது புதிய மதிப்பைக் காட்டி அவரையே முடிவெடுக்கச் சொல்லலாம். இத்தனை எளிய காப்பு இருந்தும், மாறிய வரிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமலே ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டும் நிரல்களுக்குப் பஞ்சமில்லை.

சேமித்தவருக்கே தன் மாற்றம் தெரியாமல் போவது இன்னொரு வகை. எழுதுவது முதன்மைத் தரவுத்தளத்தில், படிப்பது சில நொடி பின்தங்கிய நகலில் என்றால், முகவரியைத் திருத்தியவர் பழைய முகவரியையே பார்த்துத் திகைத்து மறுபடி சேமிப்பார். டக் டெர்ரியும் உடனிருந்தோரும் 1994லேயே ‘தான் எழுதியதைத் தான் படிப்பது’ என்பதைத் தனி உத்தரவாதமாக வரையறுத்தார்கள். எழுதிய பின் சில நொடிகள் அந்த ஆளின் வாசிப்பை மட்டும் முதன்மைக்குத் திருப்பிவிடுவது பரவலான கைமருந்து. ஊருக்கெல்லாம் உடனுக்குடன் தெரிய வேண்டியதில்லை. மாற்றியவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

புதிதாக இருப்பது எப்போதும் நல்லது என்பதும் இல்லை. தணிக்கையாளர் மாதக் கணக்கின் முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாம் பக்கத்தின் எண்கள் நகர்ந்துவிட்டால் கூட்டல் பொருந்தாது. அங்கே வேண்டியது ஒரே கணத்தில் உறைந்த தரவு. அதிபாவும் லிண்ட்சேயும் ஸ்னாப்ஷாட்டை இந்தத் தேவைக்கும் சேர்த்துத்தான் முன்வைத்தார்கள். டாஷ்போர்டின் ஆறு பெட்டிகளை ஆறு வேறு நேரங்களில் புதுப்பித்துவிட்டு, விற்பனையும் இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஆறும் ஐந்து நிமிடம் பழசாக, ஆனால் ஒரே ஐந்து நிமிடம் பழசாக இருப்பது மேல்.

கடைசியாக, தணிக்கை. வித்தியாசத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் எந்தச் சுருக்கமும் ஒருநாள் மூலத்திலிருந்து விலகும். கணிதம் தவறியதால் அல்ல, மாற்றம் வேறு வாசல் வழியாக நுழைந்ததால். எஸ்கியூஎல் சர்வரின் பல்க் இன்செர்ட், தனியாகச் சொன்னாலொழிய ட்ரிக்கரைத் தட்டி எழுப்பாது. போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ரங்கேட் செய்தால் டிலீட்டுக்கு எழுதிய ட்ரிக்கர் ஓடாது. அதற்கென்று தனி ட்ரிக்கர் எழுத வேண்டும். பராமரிப்புக்காக யாரோ ட்ரிக்கரை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப இயக்க மறந்திருப்பார்கள். ஆகவே இரவில் ஒருமுறை மூலத்திலிருந்து முழுக் கணக்கையும் புதிதாகப் போட்டு, சேமித்த வியூவோடு எக்ஸெப்ட் வினவலால் இரு திசையிலும் ஒப்பிட வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஒப்பிட்டால், மூலத்தில் இல்லாமல் சுருக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பேய் வரிகள் தப்பிவிடும். வித்தியாசம் வந்தால் அதைச் சத்தமின்றித் திருத்திவிடுவதும் தவறு. எந்தக் கிளை, எந்தத் தேதி, எவ்வளவு என்று பதிவு செய்த பிறகே திருத்த வேண்டும். அந்தப் பதிவில் ஒரே கிளை அடிக்கடி தலைகாட்டினால், அங்கே யாரோ பில்லிங் நிரலைச் சுற்றிக்கொண்டு நேராக டேபிளில் கைவைக்கிறார்கள் என்று அர்த்தம்.